தீர்த்தம் காத்தலும் சிவபூசையே

(பிள்ளைச்சாவடியில் மாசிமகப் பெருவிழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



மாசிமக நன்னாளில் எம்பெருமான் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றான். மயிலத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் உற்சவ மூர்த்திகள் புதுவை வைத்திக்குப்பத்தை நாடி வருவதை நீங்கள் ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றீர்கள். மலையில் இருப்பவனும் ஊர் நடுவே இருப்பவனும் ஏன் நீரைத் தேடி வரவேண்டும்? நீரும் அவன் திருமேனியே ஆதலின். அட்டமூர்த்தங்களுள் அப்பு ஒன்று. திருவானைக்காவில் அவன் நீர் வடிவாகவே வீற்றிருக்கின்றான். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் ஒருங்கே வைத்து முன்னோர் வழிபட்டனர்.

தீர்த்தத்தின் பெருமையைப் பேசுவது அடியேனுக்குப் பழகிய பணி. ஆயின் இன்று தீர்த்தத்தைக் காக்கும் கடமையைப் பற்றியே பேச விழைகின்றேன். அதற்குக் காரணம் ஒன்று உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், கொங்கு நாட்டில் ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் தொடர் விரிவுரைக்கு அழைத்திருந்தார்கள். விடியலில் துண்டும் திருநீற்றுப் பையும் கையுமாகப் படித்துறைக்குச் சென்றேன். முதிய குருக்கள் ஓடிவந்து கையைப் பற்றினார். “ஐயா, இறங்க வேண்டாம்; உடம்பெல்லாம் அரிக்கும்” என்றார். குனிந்து பார்த்தேன். ஆறு செந்நீலமாக நுரைத்து ஓடிற்று. “அபிஷேகத்திற்கு?” என்று கேட்டேன். “வண்டியில் தண்ணீர் வருகிறது” என்று சொல்லித் தலை குனிந்தார். அன்று மாலை தீர்த்த மகிமை பேச வேண்டிய அடியேனுக்கு நா எழவில்லை. கூட்ட முடிவில் அன்பர்கள் சாயமிட்ட பட்டுத் துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். ‘இந்த நிறம் எந்த ஆற்றில் கழுவப்பட்டதோ’ என்ற எண்ணம் நெஞ்சைச் சுட்டது. குற்றத்தில் அடியேனுக்கும் பங்கு உண்டு என்று அன்று உணர்ந்தேன்.

அந்த ஆறு எது? நொய்யல். அடியார்கள் நடந்து ஏறி வழிபடும் வெள்ளியங்கிரி மலையில் பிறப்பது. பேரூர்ப் பட்டீசர் திருக்கோயிலை அடுத்து ஓடுவது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கின்றது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தியில் சாயம் ஒட்டுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். ஒட்டாத சாயமும் அந்த உப்பும் ஆற்றில் இறங்கின. நிறம் கண்ணுக்குத் தெரியும். உப்போ தெரியாமல் மண்ணில் ஊறும்.

10,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்குப் பாசனம் தருவதற்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1992-இல் அது முடிந்தது. வாழ்விக்க வந்த அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன. தென்னை கருகிற்று. கால்நடைகள் அந்நீரைக் குடிக்க இயலவில்லை. மேலே இருந்தவர் செய்த வினையைக் கீழே இருந்தவர் நுகர்ந்தனர்.

பிள்ளைச்சாவடி மக்களுக்கு இதனை விளக்க வேண்டுமா? புதுவைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் தடைப்பட்டது. வடபால் உள்ள கரைகளைக் கடல் அரித்தது. தெற்கே வைத்த கல்லுக்கு வடக்கே இருக்கும் நீங்கள் வீடும் வலைக்களமும் இழந்தீர்கள். இயற்கையின் ஓட்டத்தில் ஓரிடத்தில் செய்தது ஓரிடத்தோடு நிற்பதில்லை என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

நொய்யல் உழவர்கள் என் செய்தார்கள்? அழுது ஓய்ந்தார்கள் அல்லர். ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமாகத் திரண்டு உயர்நீதிமன்றத்தை அடைந்தார்கள். ஒரு துளிக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்று 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் கெடு விதித்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பின்னரும் கழிவு நில்லாமையால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணை பிறந்தது.

இங்கே தண்டியடிகள் நாயனார் நினைவுக்கு வருகின்றார். திருவாரூர்த் திருக்குளம் நாற்புறமும் நெருக்கப்பட்டுச் சுருங்கிற்று. கண்ணொளி இல்லாத அவர் குளத்தினுள் ஒரு தறி நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவித் தடவி மண்ணைச் சுமந்தார். எள்ளினார்கள், மண்வெட்டியைப் பறித்தார்கள், தறியையும் பிடுங்கினார்கள். அவர் பணியை விட்டாரல்லர்; இறைவனிடம் முறையிட்டார். இறைவன் அரசன் கனவில் தோன்றி ஆணையிட்டான். அடியவர் கண் பெற்றார். குளமும் விரிவு பெற்றது. ஒரு குளத்தைத் தூர்வாரிய தொண்டு ஒருவரை நாயன்மார் வரிசையில் வைத்தது என்பதை நாம் மறக்கலாமா? நொய்யல் உழவர்க்குச் சட்டமே கயிறாயிற்று. பல ஆண்டுகள் அதனைப் பற்றியே நடந்தார்கள்.

‘பட்டறை மூடினால் தொழிலாளியின் அடுப்பு எரிவது எப்படி?’ என்று சிலர் கேட்பார்கள். நேர்மையான கேள்வி. சாயப்பட்டறைத் தொழிலாளியும் சிவன் படைத்த உயிரே. அவன் பசியும் பசியே. ஆயின் பின்னர் நிகழ்ந்தது என்ன? கழிவுநீரைச் சுத்திகரித்து நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்டு பட்டறைகள் திரும்பவும் இயங்கின. ஆற்றைக் கொன்றால்தான் தொழில் வாழும் என்பது உண்மையன்று. செலவை யார் ஏற்பது என்பதே வழக்கு. மாசு செய்தவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்று பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் 1996-இலேயே உச்சநீதிமன்றம் வழிகாட்டிற்று. அவரவர் வினையை அவரவரே நுகர்தல் வேண்டும் என்னும் நம் கொள்கைக்கு இது முரணா? அன்று.

எனினும் தீர்ப்போடு பணி முடிந்துவிடவில்லை. வழிநெடுக நகரச் சாக்கடைகளும் நொய்யலில் கலக்கின்றன. சாயத்தைத் தடுக்க நீதிமன்றம் உண்டு; நம் வீட்டுச் சாக்கடையைத் தடுக்க நாம் அல்லவா வேண்டும்?

கங்கை வானினின்று பாய்ந்தபோது பெருமான் என் செய்தான்? சடையில் ஏற்று, உலகம் தாங்கும் அளவே விட்டான். அளவறிந்து கொள்வதும் அளவறிந்து விடுவதும் அவன் காட்டிய நெறி. நாமோ ஆழ்துளைக் கிணறுகளால் அளவின்றி உறிஞ்சுகின்றோம். கடலோரத்தில் நன்னீரை மிகுதியாக இறைத்தால் அவ்விடத்தில் உப்புநீர் புகும். நமக்கும் நொய்யலுக்கும் நேர்வது ஒன்றே. அங்கே பட்டறையின் உப்பு, இங்கே கடலின் உப்பு.

நமக்கும் ஓர் ஆறு உண்டு. செஞ்சிப் பகுதியில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, திருக்காஞ்சியில் கங்கைவராக நதீசுவரர் திருவடியைத் தொட்டுக் கடலில் கலக்கும் சங்கராபரணி. 2023-ஆம் ஆண்டில் புஷ்கர விழா அங்கே நிகழ்ந்தது. எத்துணை அன்பர்கள் நீராடினார்கள்! நீராடிய நாள் போகட்டும். நீராடாத மற்ற நாள்களில் அந்த ஆற்றை நினைத்தவர் எத்தனை பேர்?

ஆதலின் அன்பர்களே, இம்மாசிமகத்தில் மூன்று விரதம் பூணுவோம். வழிபாட்டிற்குப் பின் மாலையையும் துணியையும் பிளாஸ்டிக்கையும் நீரில் எறியாதிருப்போம். நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே சென்று விழுகின்றது என்று அறிவோம். ஏரியிலோ ஆற்றிலோ விழுமாயின் ஊராகக் கூடித் தடுப்போம். எவரேனும் ஆற்றைக் கெடுக்கக் கண்டால், தனியே முணுமுணுக்காமல் பலராய்ச் சேர்ந்து முறையிடுவோம். அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தியது கோயிற் புல்லைச் செதுக்க. நாம் ஏந்தும் உழவாரம் ஆற்றங்கரை வரை நீளட்டும்.

நாளை கடலலையில் பெருமான் நீராடும்போது, நாம் சேர்த்த அழுக்கு அவன் திருமேனியில் படலாகாது. அந்த அச்சம் நமக்கு இருக்குமாயின் அதுவே பக்தி.

எல்லாரும் இன்புற்றிருக்க எம்பெருமான் அருள்புரிவானாக!

திருச்சிற்றம்பலம்.