வீட்டுக் கல்வியும் கூடிப் பழகும் பண்பும்

(கள்ளக்குறிச்சியில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம்மவர் இல்லத்து மணவிழா ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆங்கு ஒரு சிறுமி தூணருகே வாளா அமர்ந்திருந்தாள். நோயுற்றமையால் ஈராண்டாகத் தாயிடமே வீட்டில் பயில்பவள் அவள். "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, நாலு பேரோடு பழகத் தெரியவில்லை" என்று சிலர் அவள் செவிபடவே உரைத்தனர். அச்சொல் எம்மை வருத்திற்று. வகுப்பிலே ஆண்டு முழுதும் வாய் திறவாத மாணாக்கரையும் யாம் கண்டதுண்டு. அவர்பொருட்டுப் பள்ளிக்கூடத்தைப் பழிப்பார் எவருமிலர். வீட்டிற் பயில்வோள் பேசாதிருப்பின் மட்டும் அவள் கற்கும் முறையைப் பழித்தல் நடுநிலையாமோ?

1886இல் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரை நினைமின். பருவமெய்திய பெண் பள்ளிக்குச் செல்லலாகாது என்னும் அக்கால வழக்கினால் அவர் வீட்டிலேயே பயின்று, 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆடவர் நிறைந்த அவ்வவையில் தேவதாசி முறையை ஒழிக்க அஞ்சாது வாதாடிய நா, வீட்டிற் பயின்ற நாவே.

எனினும் அவரை வீட்டிலிருத்திய வழக்கத்தை யாம் போற்றுகின்றோமல்லேம். பெண்மகவை வீட்டிலிருத்திக் கற்பியாது விடுதல் வீட்டுக் கல்வி அன்று, கல்வி மறுத்தலேயாம்.

நம் அண்மையிலுள்ள கல்வராயன் மலையையும் நோக்குவோம். மலையிலிருந்திறங்கி இவ்வூர்ப் பள்ளிகளுக்கு வரும் சிறார் வந்த புதிதில் நாவடங்கி நிற்பர். அவர்களோடு மலையேறிப் பார்மின்! வழியிலுள்ள மரங்களைப் பெயர் சொல்லிக் காட்டுவர். எதிர்ப்படும் முதியோரை முறை சொல்லி அழைப்பர். சாமை விளையும் வகையை நமக்குக் கற்பிப்பர். இடம் மாறிற்றேயன்றிப் பிள்ளை மாறவில்லை. புதிய இடத்து மௌனத்தைக் குறையென்று கருதுதல் நம் பிழையேயாகும்.

ஆயினும் பழக்கம் தானே வாராது, பழகவே வரும். ஆதலின் வீட்டிற் கற்பிக்கும் பெற்றோர் பிள்ளையை வாரச்சந்தைக்கும் நூலகத்திற்கும் ஆடுகளத்திற்கும் அழைத்துச் செல்லல் வேண்டும். பிற குலத்துச் சிறாரோடும் கலந்து விளையாட விடல் வேண்டும். நம் சங்கத்துப் பிள்ளைகளோடு மட்டும் பழகச் செய்தல் வீட்டுச் சுவரைச் சற்று அகலக் கட்டியதேயாகும். நோய் நீங்கியபின் வயதிற்கேற்ற வகுப்பிற் சேர 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடந்தருகின்றது. 14 வயது நிறைந்தோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாக 10ஆம் வகுப்புத் தேர்வும் எழுதலாம்.

அன்று யாம் அச்சிறுமியின் அருகமர்ந்து, "என்ன படிக்கிறாய், அம்மா?" என்று வினவினோம். தன் வீட்டு முற்றத்துக் குருவிக்கூட்டைப்பற்றி அரை நாழிகை இடைவிடாது உரைத்தாள். அவளுக்குப் பேசத் தெரியாமையன்று குறை. அவளிடம் அதுகாறும் ஒருவரும் பேசாமையே குறை. அக்குறையை இனி நாமெல்லோரும் நீக்குவோமாக.