காசு டப்பாவுல மிஞ்சின டோக்கன்கள்

நாணயம் சேர்க்கிற யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு டப்பா இருக்கும். ஆல்பத்துல ஏறாத சரக்கெல்லாம் அதுலதான். கிலோ கணக்குல பழைய காசு வாங்குறப்போ கூடவே வந்த டோக்கன்கள். அதை என்ன பண்றதுன்னு இன்னைக்குப் பேசலாம்.

அதுல கண்டிப்பா ஒரு ஆள் இருப்பாரு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818'. இது கம்பெனி அடிச்ச காசே இல்லை. மெட்ராஸ்ல கம்பெனி பெருமாள் உருவம் போட்ட பகோடா அடிச்சது உண்மை. ஆனா அது குட்டியூண்டு தங்கக் காசு. நம்ம டப்பாவுல இருக்கிறது பூஜை அறைக்குன்னு பிற்காலத்துல அடிச்ச வில்லை.

சும்மா கிடந்தா பிரச்சினை இல்லை. 'மொத்தமா நூறு ரூபா'ன்னு நீங்க தள்ளிவிட்டா, வாங்கினவர் அதை இன்னொருத்தர்கிட்ட அசல்னு விப்பாரு. கடைசியா அது யாரோ ஒரு தாத்தா கையில நிக்கும். அவருக்கு ஒரு போன் வரும்: "சார், லட்சக்கணக்குல போகும், முதல்ல கமிஷன் கட்டுங்க." ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இப்படிப் பணம் கறக்கிறாங்கன்னு, 2021 ஆகஸ்ட்ல அந்த வங்கியே எச்சரிக்கை விட்டுச்சு.

அமெரிக்காவுல போலி நாணயத்து மேலேயே 'காப்பி'ன்னு பொறிக்கணும்னு 1973லயே சட்டம் வந்துடுச்சு. நாமளும் கொடுக்கறதுக்கு முன்னாடி அது மேலேயே அழியாத மார்க்கர்ல 'போலி'ன்னு எழுதிடலாமே. இல்ல, புதுசா சேர்க்க ஆரம்பிக்கிற பசங்களுக்கு அசலோட சேர்த்துக் கொடுங்க. எடை போட்டு, எழுத்தை உத்துப் பாத்துக் கத்துக்கட்டும். என் வேலை பாஷையில சொன்னா, அருமையான டெஸ்ட் டேட்டா!

இன்னொரு வகை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஓட்டை போட்டு நம்பர் குத்தின பித்தளை வில்லை. பட்டரவாக்கத்துல ஒரு பெரியவர்கிட்ட ஒண்ணைக் காட்டினேன். நம்பரை விரலால தடவிக்கிட்டே, அம்பத்தூர் எஸ்டேட் டூல் ரூம் கதையை அரை மணி நேரம் சொன்னாரு. டோக்கனைக் கொடுத்துட்டு டிரில் பிட் வாங்கணும். டூல் இருந்த ஆணியில டோக்கன் தொங்கும். டூலைத் திருப்பிக் கொடுத்தாத்தான் டோக்கன் கைக்கு வரும். ஒரு நம்பர்னா ஒரு ஆள்.

இதுக்குக் கேட்லாக்ல விலை கிடையாது, அதனால நேரா காயலான் கடை. அங்க அது வெறும் பித்தளை. இலங்கைக் காப்பித் தோட்டங்கள்ல 19ஆம் நூற்றாண்டுல டோக்கன் புழங்குச்சு. நம்ம ஊர்லேர்ந்து போன தொழிலாளிங்க கையில இருந்த அதையெல்லாம் இன்னைக்குத் தேடித் தேடி வாங்குறாங்க. அம்பத்தூர், ஆவடி டோக்கனுக்கும் அப்படி விலை வருமான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்லை. அது முக்கியமும் இல்லை. ஒரு சின்னக் கவர்ல போட்டு, எங்க கிடைச்சுது, யார் என்ன சொன்னாங்க, என்னைக்குச் சொன்னாங்கன்னு எழுதி வைங்க. சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே கேளுங்க, அவங்களுக்கெல்லாம் இப்பவே எழுபது, எண்பது வயசு.

உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்தா, தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.