இரண்டாம் பிணைப்பு

மாங்காயை வைக்கோலில் மூடிப் பழுக்க வைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். காய் தானே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு, வைக்கோலுக்குள் தேங்கி அதனைக் கனியச் செய்கிறது.

ஆல்கீன் எனப்படும் சேர்மக் குடும்பத்தில் மிகச் சிறியது எத்திலீன். அதன் இரு கார்பன் அணுக்களையும் இரண்டு பிணைப்புகள் இணைக்கின்றன. அவற்றுள் ஒன்று உறுதியானது. மற்றது எளிதில் திறப்பது. செம்பழுப்பு நிறப் புரோமின் நீரில் எத்திலீனைச் செலுத்தினால், அந்த இரண்டாம் பிணைப்புத் திறந்து புரோமினை ஏற்றுக்கொள்கிறது. நீரின் நிறம் மறைகிறது.

1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேதியியலார் இருவர் எத்திலீனை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தினர். அதன் மூலக்கூறுகள் இரண்டாம் பிணைப்பைத் திறந்து, ஒன்றோடொன்று கைகோத்து, நீண்ட சங்கிலியாயின. அதுவே பாலித்தீன்.

அச்சங்கிலியில் எஞ்சுவன பெரும்பாலும் உறுதியான பிணைப்புகளே. ஆதலின், நாம் ஒரு நாழிகை பயன்படுத்தி எறியும் பை, மண்ணில் மக்காது நெடுங்காலம் கிடக்கிறது. கனியை விரைந்து மாற்றும் பொருளிலிருந்து, எளிதில் மாறாத பொருள் பிறந்துவிட்டது!

எம்மாநிலத்தில் வாழினும், பழம் வாங்கச் செல்கையில் நம் ஊர் மஞ்சள் பையை மறவாதிருப்போமாக.