யாகூப் நபியின் கண்ணீர்



ஒருவருக்குத் துன்பம் வந்தால், "என்ன பாவம் செய்தாரோ?" என்றுதான் நம்மில் சிலர் முதலில் கேட்கிறோம். அப்படியானால் யாகூப் நபி (அலை) என்ன பாவம் செய்தார்கள்? திருக்குர்ஆனின் 12ஆவது அத்தியாயத்தைப் பாருங்கள். மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. இன்னும் அவரையே நினைத்து உருகுவதா என்று பெற்ற பிள்ளைகளே கடிந்துகொண்டார்கள்.

சபூர் என்றால் அழக் கூடாது என்று நினைக்கிறோம். மவுத்து வீட்டில் அதைச் சொல்லிவிட்டும் வருகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் விட்டார்களே!

யாகூப் நபி தம் கவலையை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்கள். அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. அத்தனை ஆண்டுகள் கழித்து, பார்வை போன நிலையிலும், அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காமல் யூசுஃபைத் தேடிவரும்படி பிள்ளைகளை அனுப்பினார்கள்.

வேலை இழந்து வீட்டிலிருக்கும் சகோதரர்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு. அழுது துஆச் செய்யுங்கள். மறுநாள் காலையில் விண்ணப்பம் எழுதுங்கள். எழுதத் தயக்கமென்றால் மஃரிபுக்குப் பிறகு சங்கத்துக்கு வாருங்கள். நம் இளைஞர்கள் கூடவே உட்கார்ந்து எழுதித் தருவார்கள்.