எவ்வளவு எழுதுவது?



பரீட்சையில் எவ்வளவு எழுதவேண்டும் என்று கேளாத மாணாக்கர் இல்லை. அதற்கு விடை வினாத்தாளிலேயே உண்டு. க.பொ.த. உயர்தர இணைந்த கணிதத்தை எடுத்துக்கொள்வோம். 3 மணித்தியாலத் தாளொன்றுக்கு 1000 புள்ளிகள். அ பகுதியில் 10 வினாக்கள், ஒவ்வொன்றும் 25. ஆ பகுதியில் 7இல் 5, ஒவ்வொன்றும் 150. கணக்கிட்டால் சிறுவினாவுக்கு நாலரை நிமிடமும் பெருவினாவுக்கு 27 நிமிடமுமே நம் பங்கு. சிறுவினாக்களோடு மல்லுக்கு நிற்பவர் கடைசிப் பெருவினாவைத் தொடாமலே எழும்புவார். இசட் புள்ளியின் தசமங்களிலே பல்கலைக்கழக வாயில் திறப்பதும் அடைபடுவதுமான நாட்டில் இது சிறு நட்டமன்று. கணிதத்திலே வசனம் வேண்டியதில்லை, படிகள் வேண்டும். இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிக்குப் புள்ளியுண்டு.

உயிரியல் அமைப்புக் கட்டுரையில் விடைக்கென விட்ட கோடுகளே அளவு. 'பெயரிடுக' என்றாற் பெயர் மட்டும். 'விளக்குக' என்றாற் காரணமும் வேண்டும். கட்டுரை வினாவிலோ முன்னுரை அலங்காரம் வீண், புள்ளி உண்மைகளுக்கே.

தமிழிலக்கியத்திற் கதைச்சுருக்கத்தால் பக்கம் நிரப்புவது பழைய நோய். பாத்திரத்தின் பண்பைக் கேட்டால், அப்பண்பு வெளிப்படும் இடங்களைச் சுட்டி எழுதுவோம்.

மேலதிகத் தாள் கேட்டு எழும்பும் கையைக் கண்டு அயலிலிருப்பவர் நெஞ்சு பதறுவதுண்டு. விடைத்தாளைத் தராசில் நிறுப்பாரில்லை!

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பரீட்சை முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேளாதீர்கள், வேண்டிய வினாக்கள் எல்லாவற்றையும் செய்தாயா என்று கேளுங்கள்.