ஆயாவின் உரல்

எங்க ஆயா கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் பிறந்தவர். கள்ளக்குறிச்சிக்கு வாக்கப்பட்டு வந்தும் சாமைச் சோற்றை விடவில்லை. சாமையை உமியோடு குதிரில் வைத்திருப்பார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலில் குத்துவார்.

"மொத்தமா குத்தி வச்சா என்ன ஆயா?"

"காறிப் போவும்டா."

வீண் வேலை என்று நினைத்தேன். இன்ஜினியராகி வெகுநாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. குத்தியதும் காற்றுப் பட்டு அது கெடத் தொடங்கும். உமிதான் அதற்கு மூடி! கடைச் சாமையில் பெரும்பாலும் அந்தத் தவிட்டையே தீட்டி எடுத்துவிடுகிறார்கள்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நானும் ஒரு பாக்கெட் வாங்கிப் போனேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, "நம்ம உரல் எங்கடா?" என்றார். வீட்டை விற்றபோது அதை அங்கேயே விட்டு வந்தவன் நான். இப்போது வாசலில் கவிழ்த்துப் போட்டு உட்காருகிறார்களாம்.