தாய் மீனிடமிருந்து குட்டியைக் காப்பது எப்படி?



வண்ண மீன் வளர்ப்பு பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். எல்லா மீனைப் பற்றியும் பேச ஒரு நாள் போதாது. ஆகவே குட்டி போடும் மீன்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்கு வேண்டிய சில சாமான்களை நம் கையாலேயே செய்யலாம். அதையும் சொல்கிறேன்.

மீன் முட்டைதானே இடும், குட்டி போடுமா என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான மீன்கள் முட்டைதான் இடும். ஆனால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய மீன்கள் குட்டி போடும். முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்கிறது. வெளியே வரும்போது அது முழு மீன் குட்டி. பிறந்த உடனே அதற்குக் கண் தெரியும். நீந்தத் தெரியும். ஓடி ஒளியவும் தெரியும்.

பிறந்த குட்டி ஏன் ஒளிய வேண்டும்? பெற்ற தாயே அதைத் தின்றுவிடும். அதனால்தான்.

இது தாயின் கொடுமை அல்ல. மீனுக்குத் தன் குட்டி, பிறர் குட்டி என்ற வேறுபாடு தெரியாது. கண் முன்னே சிறியதாக ஏதாவது அசைந்தால் அது இரை. அவ்வளவுதான். ஆற்றிலும் குளத்திலும் குட்டி ஒளிய ஆயிரம் இடம் உண்டு. நம் தொட்டியில் இடம் ஏது? நான்கு பக்கமும் சுவர். ஒரு தாய் 30 குட்டி போட்டது என்று வையுங்கள். விடிந்து பார்த்தால் 3 குட்டிதான் இருக்கும். அடுத்த பிரசவத்துக்கு ஏறக்குறைய நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஒரு மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும்.

இந்த மீன்களுக்கு நம் நாடு சொந்த ஊர் அல்ல. கப்பி மீன் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் டிரினிடாட் தீவிலும் வாழ்வது. டிரினிடாட்டில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் இந்த மீனைப் பிடித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1866இல் அங்கே அவர் பெயரையே மீனுக்கு வைத்தார்கள். மனிதர் பெயர் மீன் பெயராகிவிட்டது! இன்று சென்னைக் கொளத்தூரிலும், மேற்கு வங்காளத்தில் ஹவுரா பக்கத்திலும் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கின்றன. வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி வளர்க்கிறவர்கள் உண்டு. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து வளர்க்கிறவர்களும் உண்டு.

சரி, குட்டியைக் காக்க என்ன வழி?

முதலில் தாய் எப்போது குட்டி போடும் என்று தெரிய வேண்டும். பெண் மீனின் வயிற்றைப் பாருங்கள். அடிப்பக்கத் துடுப்புக்கு அருகே கருமையாக ஒரு திட்டு இருக்கும். சினைப்பட்டால் அது பெரிதாகி இன்னும் கருக்கும். கறுப்பு மோலியில் இந்தத் திட்டு தெரியாது. வயிற்றின் அளவைத்தான் பார்க்க வேண்டும். பிரசவ நாள் நெருங்கியதும் வயிறு புடைத்து, பக்கவாட்டில் பார்த்தால் சதுரம் போலத் தோன்றும். மற்ற மீன்களை விட்டு ஒரு மூலையில் ஒதுங்கும். முதல் பிரசவத் தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை நாள் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வசதி.

கடையில் குட்டிப் பெட்டி என்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒன்று விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தாய் திரும்பக்கூட இடம் இல்லை. தண்ணீரும் உள்ளே சரியாக ஓடாது. மிரண்ட தாய், நாள் நிறையும் முன்பே குட்டியைப் போட்டுவிடும்.

அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடை போதும். சிறு சிறு கண் உள்ள கூடையாகப் பார்த்து வாங்குங்கள். கண் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? கொத்தமல்லி விதை நுழைய வேண்டும். பட்டாணி நுழையக் கூடாது. கப்பிக் குட்டி பிறக்கும்போது கால் அங்குல நீளம்தான். ஒல்லியாக இருக்கும். கொத்தமல்லி அளவு ஓட்டையில் எளிதாகப் புகுந்து வெளியே போய்விடும். தாயின் தலை அதில் நுழையாது.

கூடையின் விளிம்பைச் சுற்றித் தெர்மாக்கோல் துண்டுகளை நைலான் நூலால் கட்டுங்கள். இப்போது கூடை தண்ணீரில் மிதக்கும். விளிம்பு தண்ணீருக்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தாய் துள்ளி வெளியே விழும். மேலே ஒரு துண்டுக் கொசுவலையைப் போட்டு மூடினால் கவலை இல்லை. இந்தக் கூடையைப் பெரிய தொட்டியில் மிதக்கவிட்டுத் தாயை உள்ளே விடுங்கள். குட்டி பிறந்ததும் கண் வழியாகத் தொட்டிக்குள் போய்விடும். வெளியே தாயும் இல்லை, வேறு மீனும் இல்லை. குட்டி பிழைத்தது.

கூடை கிடைக்கவில்லையா? இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலை எடுங்கள். ஊதுபத்தியைக் கொளுத்தி, நெருப்பு முனையால் பாட்டிலில் ஓட்டை போடுங்கள். வரிசையாக, நெருக்கமாகப் போடலாம். அந்தப் புகையை முகர வேண்டாம். வெளியே காற்றில் உட்கார்ந்து செய்யுங்கள். ஓட்டையின் ஓரத்தில் பிளாஸ்டிக் உருகி முள் போல நிற்கும். அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மீனின் செதில் மிக மெல்லியது. முள் கீறினால் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கப்பிக்கும் பிளாட்டிக்கும் இந்தப் பாட்டில் போதும். மோலிக்கும் வாள்வாலுக்கும் கூடைதான் சரி. அவை பெரிய மீன்கள்.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்: "தாயைக் கூடையில் எத்தனை நாள் வைப்பது?" நல்ல கேள்வி. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பத்து நாள் முன்பே பிடித்துப் போட்டால் தாய் வாடிவிடும். நாள் சரியாகத் தெரியாவிட்டால் கூடையே வேண்டாம். தாயைத் தனித் தொட்டியில் விட்டு, ஒளிய இடம் செய்துகொடுங்கள். குட்டி போட்டு முடிந்ததும் தாயை மட்டும் எடுத்துவிடுங்கள். குட்டிகளைத் துரத்திப் பிடிப்பதைவிட இது சுலபம்.

ஒளிய இடம் எப்படிச் செய்வது? பச்சை நைலான் கயிற்றை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு முனையைச் சேர்த்துக் கட்டிவிட்டு, மறுமுனையை இழை இழையாகப் பிரித்துவிடுங்கள். துடைப்பம் போல ஆகும். அதைக் கொதிநீரில் ஒரு முறை அலசிய பின், மேலே ஒரு தெர்மாக்கோல் துண்டோடு கட்டி மிதக்கவிடுங்கள். குட்டி பிறந்ததும் மேல் மட்டத்துக்கு வரும். அந்த இழைகளுக்குள் புகுந்துகொள்ளும். குளத்துப் பாசிக் கொடியும் போடலாம். மீனுக்கு அது இன்னும் நல்லது. ஆனால் குளத்திலிருந்து கொண்டுவந்ததும் நேரே தொட்டியில் போடாதீர்கள். தட்டான் பூச்சியின் புழு அதில் ஒட்டிக்கொண்டு வரும். அது தாயைவிடப் பொல்லாதது. குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். தனி வாளியில் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

அடுத்தது தண்ணீர். குட்டி தாயிடம் தப்பித்தாலும் கெட்ட தண்ணீரில் தப்பாது.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அமோனியா என்னும் நஞ்சாக மாறும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மீன் மட்டும் செத்து மிதக்கும். இந்த நஞ்சை மாற்றும் வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். எல்லாக் கிருமியும் கெட்டதல்ல. இந்த நல்ல கிருமிகள் குடியிருக்க ஒரு வீடு வேண்டும். அந்த வீடுதான் ஸ்பாஞ்ச் வடிகட்டி.

ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய் எடுங்கள். விரல் பருமன் இருந்தால் போதும். கீழ்ப்பாதியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுற்றிலும் ஓட்டை போடுங்கள். ஆணியைக் குறடால் பிடியுங்கள். சோப்புப் படாத புது ஸ்பாஞ்சின் நடுவே குழாயைச் செருகி, ஓட்டைகள் எல்லாம் ஸ்பாஞ்சுக்குள் மறையும்படி வையுங்கள். அடியில் ஓர் ஓட்டுத் துண்டைக் கட்டினால் மூழ்கி நிற்கும். காற்று மோட்டாரின் மெல்லிய டியூபைக் குழாயின் உள்ளே, அடிவரை விடுங்கள். காற்றுக் குமிழ் குழாய் வழியே மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அழுக்கு ஸ்பாஞ்சில் தங்கும். மோட்டார் வடிகட்டி குட்டியை உறிஞ்சிவிடும். இது உறிஞ்சாது. குட்டிகள் ஸ்பாஞ்சைக் கொத்தி மேய்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

இந்த வீட்டில் கிருமிகள் முழுதாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனும் குறைவு, தீனியும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. நல்ல கிருமி எல்லாம் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.

காற்று மோட்டாரைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே திரும்பி மோட்டாருக்குள் வந்துவிடும். கரண்டும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். வாளியின் வாயைக் கொசுவலையால் கட்டுங்கள். மீன் உள்ள தொட்டியில் கொசு பெருகாது. புழுவை மீன் தின்றுவிடும். மீன் இல்லாத வாளிதான் ஆபத்து. அதில் டெங்கு கொசு முட்டையிடும். பழைய தண்ணீரை டியூபால் இழுக்கும்போது டியூபின் வாயில் துணி கட்டுங்கள். இல்லையென்றால் குட்டியும் சேர்ந்து சாக்கடைக்குப் போகும்.

பூச்சி மருந்து, பெயிண்ட் இருந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் மீனுக்கு வைக்கக் கூடாது.

தீனி பற்றிக் கொஞ்சம். குட்டிக்கு வாய் சிறியது. கடையில் வாங்கும் தீனியை விரலால் பொடித்துத் துளித் துளியாக நாலைந்து வேளை போடுங்கள். மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்தும் கொடுக்கலாம். ஊசி முனை அளவுதான். கூடினால் தண்ணீர் நாறும். குட்டி வேகமாக வளர ஆர்ட்டீமியா என்னும் உப்பு நீர்ப் பூச்சி சிறந்தது. அதன் முட்டை கடையில் கிடைக்கும். விலை அதிகம். பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்புக் கரைத்து ஊற்றி, ஒரு சிட்டிகை முட்டை போட்டு, காற்று டியூபை விடுங்கள். வெளிச்சம் வேண்டும். ஒரு நாளில் அல்லது ஒன்றரை நாளில் பொரிக்கும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும். பூச்சி வெளிச்சம் உள்ள பக்கம் கூடும். டியூபால் இழுத்துத் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள்.

பின்வரிசையில் ஒரு தம்பி, "இதில் எவ்வளவு சம்பாதிக்கலாம்?" என்கிறார். முதல் ஆறு மாதம் லாபக் கணக்குப் போடாதீர்கள், தம்பி. இதற்காகக் கடனும் வாங்காதீர்கள். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வைத்து, ஒரு தொட்டியில் தொடங்குங்கள். குட்டிகள் ஒரு மாதம் ஆனதும் ஆண், பெண் பிரித்துவிடுங்கள். ஆணின் அடித்துடுப்பு குச்சி போல மாறும். பெண்ணுக்கு விசிறி போலவே இருக்கும். ஒரு முறை ஆணோடு சேர்ந்த பெண், பல மாதம் வரை ஆண் இல்லாமலே அடுத்தடுத்துக் குட்டி போடும். பிரிக்கத் தவறினால் எந்தக் குட்டி யாருடையது என்று சொல்ல முடியாது. நல்ல நிறம் என்று சொல்லி விற்கவும் முடியாது. ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் முதுகு வளைந்த குட்டிகள் வரும். அவ்வப்போது வேறு இடத்து ஆண் மீனை வாங்கி விடுங்கள். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை வண்ண மீன் வளர்ப்பையும் சேர்த்தார்கள். இப்போது என்ன உதவி உண்டு என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரே போய்க் கேளுங்கள். இடைத்தரகர் வேண்டாம்.

மீன் பெருகிவிட்டது, வைக்க இடமில்லை என்றால் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். இது வேற்று ஊர் மீன். நம் ஊர்ச் சிறு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று இருக்க வேண்டும். முந்தைய நாள் தீனி போடக் கூடாது.

நான் செய்துவந்த கூடையும் பாட்டிலும் இதோ. கை மாற்றிப் பாருங்கள். பாட்டிலின் ஓட்டைகளை உள்பக்கம் விரலால் தடவுங்கள். எங்கே கீறுகிறது என்று சொல்லுங்கள். உப்புத்தாள் என்னிடம் இருக்கிறது. அந்த இடத்தை இப்போதே தேய்த்துவிடலாம்.